நாளைக்கு ஆறாயிரம் அடி

ஜூன் 4
(உறையில் வைக்காத தாள்)

அக்கா,

இன்று உன்னிடம் சொல்லாமல் விடப்போவதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தத் தாள் உனக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

காலையில் இதய சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்ட அதே நர்ஸ்தான் எடுத்தார். அப்பாவின் நடைப்பயிற்சிக்குக் கருவி ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும் என்று கேட்டேன்.

"அடி எண்ணுறது அப்புறம் இருக்கட்டும்மா. அவர் நடக்கும்போது துடிப்பு எங்க போகுதுன்னுதான் பாக்கணும். நூத்திப்பத்தத் தாண்டக் கூடாது. மார்ல கட்டிக்கிற பட்டை ஒண்ணு வருது, துடிப்பு எத்தனைன்னு கையில இருக்கற வாட்ச்ல காட்டும். அத வாங்குங்க. துடிப்பு நூத்திப்பத்துக்குள்ள நின்னு, ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி நடந்துட்டார்னா தைரியமா தனியா விடலாம்."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடையில் அந்தப் பட்டையும் அடி எண்ணும் கருவியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. விற்பனைப் பெண் பட்டையைத் தன் சட்டைக்கு மேலாகவே பிடித்து விளக்கினாள். பிறகு, "நீங்களே கட்டிப் பாருங்க" என்று திரைக்குப் பின்னால் அனுப்பினாள். எழுபத்தெட்டு என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தாறு ஆனது. நான் அசையவே இல்லை. நூற்றிருபது, நூற்றுமுப்பது என்று நீ எழுதி ஒரு கடிதம் வருவதை நினைத்திருந்தேன், அவ்வளவுதான். அப்படி ஒரு கடிதம் வந்தால் நான் கிளம்பியாக வேண்டும்.

அடி எண்ணும் பெட்டி யாரையும் கூப்பிடாது. குறைவாகக் காட்டினால் நாளைக்கு இன்னும் கொஞ்சம் நடங்கப்பா என்று சொல்லிவிடலாம். அதை வாங்கினேன்.

உனக்கு அனுப்பும் கடிதத்தில் நர்ஸ் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி மட்டும் இருக்கும்.


ஜூன் 4

அக்காவுக்கு,

இனிமேல் போன் பண்ணாதே, எழுது என்று நீ சொன்னது கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன். இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. யோசித்தால் நீ சொன்னதும் சரிதான். போன் இருப்பது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில். அவரை யார் பார்த்துக்கொள்வது என்று நாம் போடும் சண்டையை அவரே உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் கேட்டிருப்பார்.

கத்தியதற்கு மன்னித்துக்கொள். வெளியூர்க் கண் மருத்துவமனையின் லென்ஸ் பட்டறையில் கிடைத்திருக்கும் இடம் உனக்கு எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதினாறு வருடம் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நின்றுகொண்டே லென்ஸ் தேய்த்திருக்கிறாய். போ என்றுதான் நானும் சொல்கிறேன். நூலகத்தில் என் வேலை மார்ச் மாதம் வரை. நடுவில் விட்டால் திரும்பத் தர மாட்டார்கள். அதைத்தான் அன்று சொல்ல வந்தேன், வேறு மாதிரி வந்துவிட்டது.

இத்துடன் அப்பாவுக்கு அடி எண்ணும் பெடோமீட்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டால் போதும். நாளைக்கு ஆறாயிரம் அடி நடந்தால் தனியாக விடலாம் என்று நர்ஸ் சொன்னார். நீ சேர வேண்டியது அக்டோபர் ஒன்று. செப்டம்பருக்குள் அந்த எண் வந்துவிட்டால் நீ கிளம்பு, நானும் இங்கேயே இருந்து முடித்துவிடுகிறேன். வராவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். இது சத்தியம்.

சின்னவள்


ஜூன் 17

சின்னவளுக்கு,

பெட்டி வந்தது. தீப்பெட்டி அளவு சாமானுக்கு ஒரு தலையணைப் பஞ்சைச் சுற்றியிருக்கிறாய். அப்பாவுக்கு இத்தனை பஞ்சு யாரும் சுற்றவில்லை.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். எனக்கும் வாய் நீளம்தான்.

பெட்டியை மாட்டியதும் அப்பா கேட்டார்: "என்ன பெரியவளே, மீட்டர் போடுற? வாடகைக்கு விடப் போறீங்களா என்னை?"

"சின்னவ அனுப்பினது. நாளைக்கு ஆறாயிரம் காட்டணுமாம்."

"காட்டலேன்னா?"

"அவ வேலைய விட்டுட்டு வரணும். இல்லேன்னா நான் போகாம இருக்கணும்."

சொல்லியிருக்கக் கூடாது. கேட்டார், சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷம் டிரிப் ஷீட் எழுதினவன்டி நான். இது ஒரு கணக்கா?" என்றார். பழைய டைரி ஒன்றை எடுத்து, டிரைவராக இருந்தபோது பஸ் டிப்போவில் எழுதியதுபோலவே கோடு போட்டு, தேதி, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், எண் என்று பத்தி பிரித்திருக்கிறார். இதுவரை வந்தவை: 840, 1,010, 965, 1,120. ஆயிரத்தைத் தாண்டினாலே வாசல் படியில் உட்கார்ந்துவிடுகிறார். செருப்பில் கல் என்கிறார். தினமும் அதே கல்.

ஒன்று கேட்கிறேன். அடியை மட்டும் பார்த்தால் போதுமா? மூச்சு, நாடி ஏதாவது பார்க்கச் சொன்னாரா நர்ஸ்? சரியாக ஞாபகப்படுத்தி எழுது. உனக்குத்தான் படித்ததெல்லாம் மறக்காதே.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் முதல் பக்கம் கிழிந்த புத்தகங்களாக நாற்பது பெட்டி வந்திருக்கிறது. தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. உள்ளே இருப்பதைப் படித்து, இது என்னவாக இருக்கும் என்று அட்டையில் எழுத வேண்டும். நாள் முழுக்க யாரும் பேச்சுக்கொடுப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நர்ஸ் பெரிதாக வேறெதுவும் சொல்லவில்லை. அவசரப்படாமல் மெதுவாகக் கூட்டச் சொல். மூச்சு வாங்கினால் நிற்கச் சொல்.

அந்தக் கல்லைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சின்னவள்


ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

நம்ப மாட்டாய். இரண்டு வாரமாக அப்பா ஒன்பது மணிக்குச் சட்டையை இன் பண்ணி, தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மதியம் பன்னிரண்டரைக்குத்தான் வருகிறார். நான் அப்போது கடையில் இருப்பேன், சாயங்காலம் டைரியைப் பார்ப்பேன். 2,900. 3,640. 4,310. நேற்று 5,080.

எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டால், "ஊர் பூரா" என்கிறார். யாராவது கூட வருகிறார்களா என்றால், "எல்லாரும் இருக்காங்க" என்கிறார். முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது. டிப்போ ஆட்கள் கூப்பிடுவார்களே, ஸ்டியரிங் என்று, அந்தப் பெயரை அவரே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். "ஸ்டியரிங்கு இன்னும் சாயல, பாத்துக்க."

மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வருகிறேனா இல்லையா என்று செப்டம்பர் இருபதுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். தங்க ஓர் அறையும் தருகிறார்களாம். ஜன்னல் இருக்கிறதா என்று விசாரித்தேன், இருக்கிறதாம். முப்பத்தாறு வயதில் ஜன்னலுக்கு ஆசைப்படுகிறேன் என்று உன் புத்தகம் எதிலும் போட்டுவிடாதே.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. கூடத்திலிருந்து குளியலறைக்குப் போக இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். ஐயாயிரம் அடி நடப்பவருக்குச் சுவர் எதற்கு? பழக்கதோஷம் என்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐயாயிரத்து எண்பது! வேலை முடிந்து வரும் வழியில் அதே எண்ணை நானும் நடந்து பார்த்தேன். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினேன், கால் வலித்தது. அப்பா இதைத் தினமும் செய்கிறார் என்றால் நாம்தான் வீணாகப் பயந்திருக்கிறோம்.

சுவரைப் பிடிப்பது பழக்கமாகத்தான் இருக்கும். முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை.

நீ கிளம்ப ஏற்பாடு செய். எனக்கு உள்ளூர ஒரு பாரம் இறங்கியது போல இருக்கிறது. அது அப்பா தேறியதனாலா, நான் வரவேண்டாம் என்பதனாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

சின்னவள்


செப்டம்பர் 1

சின்னவளுக்கு,

டைரியில் இருக்கும் எண்களை எழுதுகிறேன். 6,420. 6,310. 6,505. ஆறாயிரம் வந்துவிட்டது.

வேலையில் சேரும் படிவத்துக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கண் சிவந்திருக்கிறது, முகம் கழுவிட்டு வாங்க என்றார் போட்டோக்காரர். கழுவிவிட்டு வந்தேன்.

இங்கே வேறு விசேஷமில்லை.

அக்கா


செப்டம்பர் 10

சின்னவளுக்கு,

பயப்படாமல் படி. அப்பா வீட்டில்தான் இருக்கிறார், தூங்குகிறார்.

நேற்று முன்தினம் மதியம், பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்புமுன் அந்த நர்ஸ் அப்பாவின் மார்பில் ஒரு பட்டையைக் கட்டி, வராந்தாவில் நடக்கச் சொன்னார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும்கூட இல்லை, பாதியிலேயே நூற்றுநாற்பத்திரண்டு. "உக்காருங்க, உக்காருங்க" என்று நாற்காலியோடு ஓடினார்.

நான் டைரியைக் காட்டினேன். நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆளா ஆறாயிரம் நடந்தார்? சான்ஸே இல்ல. ஏம்மா, பட்டை வாங்கச் சொன்னேனே உங்க தங்கச்சிகிட்ட. நூத்திப்பத்தத் தாண்டக் கூடாதுன்னு அவ்வளவு சொன்னேனே."

நீ பதில் சொல்லுமுன் நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உன்னைத் திட்டினால் வாய் கூசும்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி போட்டோ எடுக்கப் போகக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பதினான்காம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பின்வாசல் வழியாக. அப்பா முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ரோடு எப்படிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கண்டக்டர் கேட்கிறார்:

"ஸ்டியரிங்கண்ணே, இன்னிக்கு எத்தன டிரிப்பு?"

"மூணு அடிச்சாதான்டா ஆறாயிரம் வருது."

"ஏண்ணே, இதுக்கு இறங்கி நடந்துடலாமே?"

"நடந்தா ஆயிரந்தான் வருது."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். ஒவ்வொரு குழிக்கும் பெல்ட்டில் அந்தப் பெட்டி கிளிக் கிளிக் என்கிறது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. செப்டம்பர் ஒன்றாம் தேதி அந்த மூன்று எண்களை எழுதியபோது அது எப்படி வந்த எண் என்று எனக்குத் தெரியும். டைரியில் இருப்பதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது. மூன்று வாரம் அவர் தலையை வாரிக்கொண்டு கிளம்புவதை வாசலில் நின்று பார்த்தேன். பஸ்ஸில் போனால் நல்லதுதான், நடந்து விழுவதைவிட மேல் என்றுகூட நினைத்தேன். நிறுத்தத்திலிருந்து வீடு வரை மேடு ஏறி நடந்துவர வேண்டுமே என்று நினைக்கவில்லை.

நேற்று அப்பாவிடம் கேட்டேன். ஏன்ப்பா இப்படிப் பொய் சொன்னீங்க என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எது பொய்? பெட்டி காட்டினதத்தான் எழுதினேன். ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. முப்பத்தோரு வருஷமா டிரிப் ஷீட்ல கிலோமீட்டர் போட்டாங்களே, நானா ஓடினேன்? வண்டி ஓடிச்சு. ஆனா என் பேர்லதானே எழுதினாங்க?" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஆறாயிரம் கேட்டீங்க. கால்ல வரல. வண்டியில வந்துச்சு. குடுத்தேன்" என்றார்.

அவர் காலுக்குத் தலையணை வைத்துவிட்டு வந்தேன்.

தனியாக விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபதாம் தேதிக்குள் நான் பதில் எழுத வேண்டும். உன் சத்தியத்தை நான் நினைவுபடுத்தப் போவதில்லை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் சொல்.

அக்கா


செப்டம்பர் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்து படித்தேன்.

நர்ஸ் சொன்னது உண்மை. ஜூன் நான்காம் தேதி காலையில் எனக்கு அதைத் தெளிவாகச் சொன்னார். என் கையெழுத்திலேயே குறிப்பு இருக்கிறது. பட்டையை நானே கட்டிப் பார்த்தேன், கழற்றிக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கினேன். விலை காரணமில்லை, அப்பா கட்டிக்கொள்ள மாட்டார் என்பதும் காரணமில்லை. என்னைக் கூப்பிடாத கருவியாகப் பார்த்து வாங்கினேன். நீ ஜூனில் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். மூச்சு, நாடி என்று பெயர் சொல்லியே கேட்டாய். நர்ஸ் வேறெதுவும் சொல்லவில்லை என்று எழுதினேன்.

நீ மூன்று வாரம் மறைத்ததை என்னுடையதோடு சேர்த்து வைக்காதே. என்னிடம் சரியான எண் வந்திருக்க வழி இருந்தது, நான்தான் அடைத்தேன். உனக்குக் கிடைத்ததே நான் அனுப்பிய பொய்.

முதல் பக்கமில்லாத புத்தகங்களுக்கு உள்ளே படித்துப் பெயர் எழுதுகிறேனே, அதே போல என்னைப் பற்றி ஓர் அட்டை எழுதச் சொன்னால் என்ன எழுதுவேன் என்று மதியம் முழுக்க யோசித்தேன். வார்த்தை கிடைத்தது. இங்கே எழுத முடியவில்லை.

நான் வருகிறேன். ராஜினாமாக் கடிதத்தை இன்று மாலை கொடுத்துவிட்டேன். இம்மாதம் முடிய இருக்கச் சொல்கிறார்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் அங்கே இருப்பேன். வருகிறேன் என்று மருத்துவமனைக்கு நீ எழுதிவிடு. இரண்டொரு நாள் தாமதமாகச் சேர அனுமதி கேள். அப்பாவிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்.

சின்னவள்


செப்டம்பர் 23

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இருபத்திரண்டாம் தேதி.

நான் பத்தாம் தேதி எழுதினேன். பதினாறாம் தேதி உனக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், நம் இருவருக்கும் நடுவில் தபாலுக்கு எப்போதும் ஆறு நாள்தான். அன்று சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரம் வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று நாளும் உட்கார்ந்தேன். அப்பா கேட்டார், "யாருடி பண்ணப் போறா?" யாரும் இல்லப்பா என்றேன். இருபதாம் தேதி மதியம் வரை பார்த்தேன். அப்புறம் வேலைக்கு வர இயலாது என்று மருத்துவமனைக்கு எழுதி, நானே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தேன்.

போன் பண்ணாதே என்று நான்தான் சொன்னேன். தெரியும். கோபத்தில் சொன்னது என்று நீயும் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். வருகிறேன் என்ற ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம் ஆகும். அதை ஆறு நாள் போகிற வழியில் அனுப்பினாய். அது மறதியா, கீழ்ப்படிதலா, என்ன என்று நீயே யோசி. உனக்கு யோசிக்க வரும்.

நானும் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நீயாகப் பண்ணுகிறாயா என்று பார்த்தேன். அது என் வீம்பு.

இன்று காலை அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அடுத்த பெயருக்குக் கடிதம் போய்விட்டதாம். பேசிய பெண் நல்லவள், அடுத்த வருஷம் பாருங்க மேடம் என்றாள்.

ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமானால் வாங்கிக்கொள். இரண்டு பேரும் இழக்க வேண்டிய அவசியமில்லை. வந்தால் வா, உன் கட்டிலில் அப்பாவின் மருந்துப் பெட்டிகள் இருக்கின்றன, எடுத்து வைக்கிறேன். என்னைத் தேற்ற மட்டும் வராதே.

பட்டை வாங்கிவிட்டேன். அப்பா கட்டிக்கொள்கிறார். உட்கார்ந்திருக்கும்போது தொண்ணூற்றெட்டு. டைரியில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். பஸ் பாஸை என்னிடம் கொடுத்துவிட்டார், நான் கேட்கவில்லை.

அக்கா


*

நான் அக்டோபர் மூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தேன். அப்பா பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தே காலுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தார். அப்போது அக்கா கடையில் இருந்தாள், நான் பக்கத்து அறையில் இருந்தேன். அடுத்த வருடம் அந்த மருத்துவமனை ஆள் எடுக்கவில்லை. அக்கா இன்னும் அதே கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள்.